25-ஆம் ஆண்டு விழாவுக்கு மேடையும் பொன்னாடையும் போதுமா?

செக்காலை ரோடு லேப்

வணக்கம். காரைக்குடியில் பெண் டாக்டர்கள், வக்கீல்கள், ஆடிட்டர்கள், பேராசிரியைகள், சொந்தத் தொழில் நடத்துகிறவர்கள் எல்லாரும் சேர்ந்த ஒரு சங்கம் எங்களுடையது. பெயர் போடவில்லை, ஊர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும். வருகிற தையில் 25 வருஷம் நிறைகிறது. நான் இப்போதைய செயலாளர், ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். எழுத்து வேலைக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனாலும் விழா மலர் என் தலையில் விழுந்திருக்கிறது.

கமிட்டியில் இரண்டு கட்சியாகிவிட்டது. மூத்தவர்களுக்குக் கம்பன் மணிமண்டபம் மாதிரி பெரிய இடம், மந்திரியோ கலெக்டரோ ஒருவர், குத்துவிளக்கு, பழைய தலைவர்கள் எல்லாருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, மத்தியானம் பந்தி இதெல்லாம் வேண்டும். இளையவர்கள் இந்தப் பேச்சு ஆரம்பித்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் உருப்படியாக ஏதாவது செய்யலாமே என்கிறார்கள், சரி, என்ன செய்யலாம் என்று கேட்டால் மருத்துவ முகாம், மரக்கன்று, அதற்கு மேல் போவதில்லை. மருத்துவ முகாம் வருஷா வருஷம் நடத்துகிறோம், அதற்கு வெள்ளி விழா தேவையில்லை.

மலரும் இதே கதைதான். முன்பக்கம் முழுக்க வாழ்த்துச் செய்தி, பின்பக்கம் முழுக்க நகைக்கடை ஜவுளிக்கடை விளம்பரம், நடுவில் சமையல் குறிப்பு. வீட்டுக்கு வந்த மறுநாளே பரணுக்குப் போய்விடும். உங்கள் ஊரில் இப்படி ஒரு விழா நடத்திய அனுபவம் உள்ளவர்கள், பிற்பாடு எது பலன் கொடுத்தது, எது வீண் என்று சொல்ல முடியுமா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், எங்கள் மூத்தவர்கள் சிலர் இங்கே படிக்கிறார்கள்.

முதல் செட்

படிக்கிறோம் தங்கச்சி, நன்றாகவே படிக்கிறோம். கோபமெல்லாம் இல்லை. நான் இந்தச் சங்கத்தை ஆரம்பித்த முதல் செட்டில் இருந்தவள், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று இப்போது கோவையில் மகன் வீட்டில் இருக்கிறேன்.

பொன்னாடை வேண்டாம் என்று சொல்வது உங்கள் வயதில் சுலபம். நாங்கள் ஆரம்பித்தபோது ஆண்கள் கூடிப் பேச கிளப் இருந்தது, வர்த்தகர்களுக்குச் சங்கம் இருந்தது, எங்களுக்கு ஒரு டாக்டரம்மா வீட்டு மொட்டை மாடிதான். ஏழு மணிக்குள் கலைந்துவிட வேண்டும், வீட்டில் மாவு கரைக்காமல் கிடக்கும். பேசியதும் பெரிய கொள்கை எல்லாம் இல்லை. புதிதாக வந்த ஜூனியர் வக்கீல் பெண்ணுக்கு கோர்ட்டில் உட்கார ஒரு மூலைகூட இல்லை. மாற்றலாகி வந்த பெண் டாக்டருக்குத் தனியாள் என்று வீடு தர மாட்டேன் என்கிறார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தால் எங்கேயோ வடக்கே போட்டுவிடுவார்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு என்கிறார்கள் வீட்டில். இதற்குத்தான் கூடினோம். அந்த ஆட்களை ஒரு நாள் மேடையில் உட்கார வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. செட்டிநாட்டுப் பெண்களுக்குப் பணம் காசு, கணக்கு வழக்கு எல்லாம் இப்போதுதான் தெரிய வந்தது என்று மலரில் யாரையும் எழுத விடாதீர்கள், முந்தின மலர் ஒன்றில் அப்படி ஒரு கட்டுரை வந்து எனக்கு ரத்தம் கொதித்தது. ஆண்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனால் மூன்று வருஷக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார்கள். அதுவரை நிலம், கட்டட வேலை, பிள்ளைகள், கோயில் முறை, நல்லது கெட்டது எல்லாம் வீட்டிலிருந்த ஆச்சிமார் பார்த்ததுதான். சீதனப் பணம் அவர்கள் பேரிலேயே வட்டிக்கடையில் கிடந்து வளர்ந்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்தது, அவ்வளவு பணம் புழங்கிய ஊர் இது. அந்தப் பணத்துக்குள் இருந்த ஆச்சிமார் பணத்தைப் பற்றி நம் மலர்களில் ஒரு வரி நான் பார்த்ததில்லை.

ஆகவே மேடை வேண்டும். மந்திரி வேண்டாம், அந்த விஷயத்தில் நான் இளையவர்கள் பக்கம். பத்து மணி விழாவுக்கு ஒரு மணிக்கு வந்து, பந்தியில் சாம்பார் ஆறிப்போய், அது ஒரு கூத்து.

தேவகோட்டை வக்கீல்

மேடைச் சண்டைக்குள் நான் வரவில்லை. உருப்படியாக என்ன என்று கேட்டீர்கள், அதற்கு மட்டும் பதில்.

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்தது தெரிந்திருக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற எந்த இடமானாலும் உள்ளகப் புகார்க் குழு வைத்தாக வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும், அவர் பெண்களுக்காக வேலை செய்கிற அமைப்பைச் சேர்ந்தவராகவோ இந்த விஷயம் தெரிந்தவராகவோ இருக்கலாம். நம் பக்கம் இந்த வெளியாள்தான் சிக்கல். ஜவுளிக்கடை, தனியார் ஆஸ்பத்திரி, பழைய வீடுகளை மாற்றி நடத்துகிற ஓட்டல் என்று நான் எட்டிப்பார்த்த பல இடங்களில் குழு காகிதத்தில்தான் இருக்கிறது, ஓரிடத்தில் வெளியாள் என்று எழுதியிருந்தது முதலாளியின் மைத்துனி பெயர். உங்கள் சங்கத்தில் வக்கீல், டாக்டர், பேராசிரியை எல்லாரும் இருக்கிறீர்கள். முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, வெளி உறுப்பினராக வரத் தயார் என்று ஒரு பட்டியலை விழா அன்று வெளியிட்டு, ஊரில் உள்ள நிறுவனங்களுக்கெல்லாம் கடிதம் போட்டுப் பாருங்கள். செலவு தபால் காசு.

பத்துப் பேருக்குக் குறைவான கடையில் இருக்கிற பெண்ணோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் வரை நீட்டலாம். இது தெரியாமலேயே நாள் கடந்து என்னிடம் வருகிறவர்கள் உண்டு, வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள். அழுவதற்கு வக்கீல் எதற்கு? இதையும், 2021-இல் தமிழ்நாட்டில் வந்த உட்காரும் உரிமையையும் மலரில் ஒரு முழுப் பக்கம் பெரிய எழுத்தில் போடுங்கள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி இருக்கை போட்டாக வேண்டும் என்று கடைகள் சட்டத்தையே திருத்தினார்கள். தீபாவளிச் சமயத்தில் காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைவீதிப் பக்கம் போய் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சீப்புச்சீடை

எல்லாம் படித்தேன். நான் பள்ளத்தூர்ப் பக்கம் பலகாரம் போடுகிறேன். கல்யாணச் சீருக்கு மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், கைமுறுக்கு, எல்லாம். சென்னைக்கும் போகிறது, சிங்கப்பூருக்கும் போகிறது. கூட வேலை செய்கிற பெண்களுக்கு வாரச் சம்பளம் கொடுக்கிறேன், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இருக்கிறது, வரி கட்டுகிறேன்.

இதே மாதிரி ஒரு சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டேன், உங்களுடையதா என்று சொல்ல மாட்டேன். பட்டம் கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்பு. என்னிடம் கணக்கு எழுத வருகிற பெண் பி.காம்., அவள் சேரலாம், அவளுக்குச் சம்பளம் கொடுக்கிற நான் சேர முடியாது. ஆனால் ஆண்டு விழா வந்தால் மட்டும் தவறாமல் போன் வரும், ஆச்சி முந்நூறு பேருக்குப் பலகாரம் வேண்டும், சங்கத்துக்கு என்பதால் விலை பார்த்துப் போடுங்கள் என்று.

முதல் செட்

சீப்புச்சீடை ஆச்சிக்கு: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அந்த விதியை வீம்புக்கு எழுதவில்லை. எழுதியவர்களில் நானும் ஒருத்தி, இன்றைக்குக் கேட்டாலும் காரணம் சொல்வேன். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழு, 1997-இல் மகளிர் திட்டம் வந்ததும் எல்லா மாவட்டத்துக்கும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. நானே வங்கியில் அந்தக் குழுக்களுக்குக் கடன் போட்டுக் கொடுத்தவள், நல்ல திட்டம், ஒரு தவணை தவறாமல் கட்டினார்கள். ஆனால் குழு எங்கே இருக்கிறதோ அங்கே கட்சிக்காரர்களும் வந்துவிடுவார்கள். யாராவது ஒருவர் நூறு பேருக்குச் சந்தா கட்டி உள்ளே கொண்டுவந்து, தேர்தலில் கைதூக்க வைத்து, சங்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் எங்களுக்கு. சின்ன சங்கம், அப்படி ஒன்று நடந்தால் தாங்காது. அதனால் பட்டம் அல்லது தொழில் கவுன்சில் பதிவு என்று வேலி போட்டோம். இணை உறுப்பினர் என்று வேண்டுமானால் ஒரு பிரிவு ஆரம்பிக்கலாம்.

சீப்புச்சீடை

ஓட்டில்லாத உறுப்பினர்தானே? வேண்டாம் ஆச்சி. பந்தியில் மட்டும் உட்காருவதற்கு எனக்குச் சங்கம் எதற்கு, ஊரில் வாரத்துக்கு நாலு கல்யாணம் இருக்கிறது.

கோட்டையூர்ப் பெரியவர்

இடையில் ஒரு கிழவன் நுழைவதற்கு மன்னிக்கவும், நூலகத்தில் வேலை பார்த்தவன், மலர் என்றதும் கை சும்மா இருக்கவில்லை.

செக்காலை அம்மா, மலரில் உங்கள் சங்கத்தின் 25 வருஷத்தை மட்டும் எழுதாதீர்கள், அதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் பெண்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு கட்டுரை வேண்டும். 1930-களில் காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்று ஒரு மாத இதழ் வந்தது, ஆசிரியர் மரகதவல்லி என்ற பெண்மணி, சொ. முருகப்பாவின் மனைவி. கைம்பெண் மறுமணத்துக்கென்றே ஒரு பத்திரிகை, அதுவும் அந்தக் காலச் செட்டிநாட்டில், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுச் சொல்லுங்கள், எனக்கு விடை தெரியும், இருந்தாலும்.

பழைய இதழ்களைத் தேட வேண்டுமென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ரோஜா முத்தையா எங்கள் கோட்டையூர்க்காரர், வாழ்நாள் முழுக்கப் புத்தகமும் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் கல்யாணப் பத்திரிகையும் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அதைக் கொண்டே சென்னையில் நூலகம் அமைந்தது. ஊரைவிட்டுப் போனது எனக்கு வருத்தம்தான், ஆனால் இங்கேயே இருந்திருந்தால் கரையான் தின்றிருக்கும் என்பதும் உண்மை.

டாக்டர்களைப் பற்றிய பக்கத்தில் முத்துலட்சுமி ரெட்டி இருக்க வேண்டும், அவர் நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் போய்ச் சேர்ந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் வாங்கி, சென்னை சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராகி, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இரண்டையும் உருவாக்கியவர். ஆனால் அவர் படத்தைப் போட்டு நாலு வரி எழுதிவிட்டு முடித்துவிடாதீர்கள், அதை எல்லாரும் செய்கிறார்கள். உங்கள் மொட்டை மாடி ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்களே, போனிலாவது அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். முதல் செட் அம்மா மேலே எழுதியதைப் படித்தீர்களா? வாழ்த்துச் செய்தி எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு பத்திக்கு ஈடாகாது. பலகாரக்கார அம்மா பேச்சையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், அவர் உறுப்பினரோ இல்லையோ.

செக்காலை ரோடு லேப்

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வக்கீல் அக்கா சொன்ன பட்டியல் கமிட்டிக்கு உடனே போகும், அதற்கு மறுப்பு வராது என்று நினைக்கிறேன். பெரியவருக்கு நன்றி ஐயா, மரகதவல்லி பெயர் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை, நீங்கள் சொன்ன மாதிரியேதான்.

சீப்புச்சீடை ஆச்சி, அது எங்கள் சங்கம்தான் என்று நினைக்கிறேன், விதி அப்படித்தான் இருக்கிறது. எனக்கு ஓட்டோடு சேர்ப்பதில்தான் விருப்பம். பயப்படுகிறவர்கள் பயத்துக்கு, உறுப்பினராகி இரண்டு வருஷம் கழித்துத்தான் தேர்தலில் ஓட்டு என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி வைத்தால் முடிந்தது, டாக்டருக்கும் அதே விதி, பலகாரம் போடுகிறவருக்கும் அதே விதி. இதை விழாவுக்குள் மாற்ற முடியுமா? யாருக்காவது நடைமுறை தெரியுமா?

பற்றுவரவு

ஆடிட்டர். முடியும், ஆனால் இன்றைக்கே ஆரம்பித்தால்.

உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்திருப்பீர்கள். துணை விதியை மாற்ற கமிட்டி மட்டும் கூடிக் கையெழுத்துப் போட்டால் செல்லாது, பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், என்ன விதி எப்படி மாறுகிறது என்று முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும், அப்புறம் அதை மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். பதிவான பிறகுதான் புது ஆட்களுக்குச் சந்தா ரசீது போடலாம். விழா மேடையில் அறிவித்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் நாளைக்கு யாராவது வழக்குப் போடுவார்கள், வக்கீல்கள் வேறு உறுப்பினர்களாக இருக்கிறீர்கள்.

அதற்கும் முன்னால் வருடாந்திரக் கணக்கு ஒழுங்காகப் பதிவாளருக்குப் போயிருக்கிறதா, நிர்வாகிகள் மாறியபோதெல்லாம் தெரிவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கமிட்டியின் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. நான் பார்த்த பழைய சங்கங்களில் இதுதான் பெரிய ஓட்டை, வெள்ளி விழாப் பத்திரிகை அச்சாகி வந்திருக்கும், பதிவாளர் அலுவலகத்தில் மூன்று கமிட்டிக்கு முந்தைய தலைவர் பெயர் இருக்கும், வங்கியில் கையெழுத்து மாற்றப் போனால் மேனேஜர் காகிதம் கேட்பார். மலர் விளம்பரப் பணத்தைத் தனிநபர் கணக்கில் வாங்காதீர்கள், எத்தனை நல்லவர் கணக்காக இருந்தாலும். விளம்பரம் கொடுத்தவருக்கெல்லாம் சங்கத்தின் ரசீது. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்று சங்கத்துக்கு அதற்கான வருமான வரித்துறை அங்கீகாரம் இல்லாமல் வாய்க்கு வந்தபடி சொல்லி வைக்காதீர்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஓட்டு என்பது நல்ல யோசனை, ஆனால் ஏற்கெனவே இருப்பவர்களை அது பாதிக்காது என்று தீர்மானத்தில் தெளிவாக எழுதுங்கள்.

முதல் செட்

பொதுக்குழுவுக்கு நான் கோவையிலிருந்து பஸ் பிடித்து வருவேன். எப்படி ஓட்டுப் போடுவேன் என்று இப்போது கேட்காதீர்கள். இரண்டு வருஷ விதியை முழுசாக எழுதி அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.

மூன்றாம் வளவு

இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மண்டபம் எதற்கு, நம் ஊரில் வீட்டுக்கா பஞ்சம்? முகப்பில் வரவேற்பு, நடு முற்றமான வளவில் மேடை, இரண்டாம் கட்டில் பந்தி. அந்தத் தூண்களுக்கு நடுவில் போட்டோ எடுத்தால் அலங்காரச் செலவே கிடையாது. நாங்கள் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம், சினிமாக்காரர்கள் நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள், பெண்கள் சங்கம் கேட்டு ஒருமுறைகூட வந்ததில்லை.

ஒரே ஒரு விஷயம், புள்ளிகள், அதாவது வீட்டில் பங்குள்ள குடும்பங்கள், எல்லாரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் எத்தனையோ பேர், ஒருவர் பினாங்கில் இருப்பார், ஒருவர் பெங்களூரில், ஒருவர் மற்ற இருவரோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் அடுத்த தெருவிலேயே இருப்பார். கடைசி ஆளிடம்தான் அதிக நாள் ஆகும். அதனால் தைக்கு வேண்டுமென்றால் ஆடிக்குள் கேட்டுவிடுங்கள்.

பரிசுக்குப் பொன்னாடை வாங்குகிற பணத்தில் கண்டாங்கி கொடுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, நம் ஊர்ப் பெயரிலேயே. ஆனால் கண்டாங்கி என்று சொல்லி விசைத்தறித் துணியை நீட்டுகிற கடைகளும் உண்டு, நேராகத் தறிக்குப் போய்ச் சொல்லிவையுங்கள், கைத்தறியில் மொத்தமாகக் கேட்டால் நாளாகும். வருகிறவர்களுக்குத் தாம்பூலம் பிளாஸ்டிக் பையில் போடாமல் பனை ஓலையில் முடைந்த சின்னக் கூடையான கொட்டானில் போட்டுக் கொடுக்கலாம், அதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, முடைகிறவர்கள் இந்தப் பக்கத்துப் பெண்கள்தான், ஆடிட்டர் சொன்ன தீர்மானம் நிறைவேறினால் அவர்களில் சிலரும் உங்கள் உறுப்பினர் ஆகலாம். பனை ஓலை பதமாகக் கிடைத்துச் சாயம் ஏற்றி முடைய வேண்டும், முந்நூறு கொட்டான் என்றால் முந்தின வாரம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, வீடு பார்க்கப் போகிறபோது கழிப்பறையை முதலில் பாருங்கள். தேக்கும் பர்மாத் தூணும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் பார்த்து மயங்கிவிட்டு, முந்நூறு பெண்கள் வருகிற விழாவுக்குப் பின்கட்டில் இரண்டே இரண்டு இருக்கிறது என்று விழா அன்று காலையில் கண்டுபிடித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். வண்டியில் கொண்டுவந்து வைக்கிற கழிப்பறை வாடகைக்குக் கிடைக்கிறது, அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.